எச்டிஆர் படத்தில் நிழலும் இருக்கட்டும்

சூரியன் இறங்கும் நேரத்தில் ஒரு மலைமுகட்டில் நின்றால், மேகத்தின் மடிப்பும் காலடிப் பாறையில் ஒட்டிய பாசியும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியும். கேமராவுக்கு அந்த வீச்சு கிடையாது. வானம் வெளுக்கும், இல்லாவிட்டால் பாறை கரியாகும். அதனால்தான் ஒரே காட்சியைப் பல எக்ஸ்போஷர்களில், அதாவது வெவ்வேறு ஒளி அளவுகளில், எடுத்து ஒன்றாக்குகிறோம். இதுதான் எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்). யோசனை பழையதுதான். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார்.

முதலில் எச்டிஆர் தேவையா என்று ஹிஸ்டோகிராமைப் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் கேமரா வரைபடம்) பாருங்கள். ஒரே ரா ஃபைலில் (சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இரண்டு முனையும் முட்டாமல் நின்றால் தேவையில்லை. பனிமூட்டக் காட்சிக்கும் வேண்டாம். நிழலுருவமாக நிற்கும் ஒற்றை மரத்துக்கு அறவே வேண்டாம், அதன் அழகே அந்தக் கருமைதான்.

எச்டிஆர் வந்தால் கம்போசிஷன் எளிதாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. சாதாரணப் படத்தில் இருட்டு மறைத்துவிடும் காய்ந்த சுள்ளி, மிதிபட்ட புல், யாரோ வீசிய பாட்டில் எல்லாம் இதில் வெளிச்சத்துக்கு வந்து நிற்கும். எனவே முன்புலத்தை எடுப்பதற்கு முன்பே சுத்தம் செய்யுங்கள், அல்லது நகருங்கள். அகல லென்ஸ் என்றால் ட்ரைபாடை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, ஒரு மீட்டர் தூரத்தில் ஏதாவது ஒரு கல்லோ வேரோ இருக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாகிவிடும். அடிவானத்தை நட்டநடுவில் வைப்பது, பிரதிபலிப்பு முழுமையாக இருக்கும்போது மட்டும் பொருந்தும். வானத்தை ஊடறுக்கும் மெல்லிய கிளைகளைத் தவிர்க்கப் பாருங்கள். காற்றில் அவை ஆடும், பிறகு வரும் தொல்லைகளில் பாதி அங்கேதான் பிறக்கும்.

எடுக்கும்போது கேமரா எம் (மேனுவல்) மோடிலோ, அப்பெர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு) நாமே வைக்கும் அப்பெர்ச்சர் ப்ரையாரிட்டியிலோ இருக்கட்டும். அப்பெர்ச்சர் எஃப்/8 முதல் எஃப்/11 வரை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஃபோகஸ் மேனுவல், ஒயிட் பேலன்ஸ் ஏதாவது ஒன்றில் நிலையாக. ட்ரைபாடில் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். பிராக்கெட்டிங்கில், அதாவது வெவ்வேறு எக்ஸ்போஷரில் அடுத்தடுத்து எடுக்கும்போது, மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டும்தான். அப்பெர்ச்சர் மாறினால் ஃபோகஸ் ஆழம் படத்துக்குப் படம் வேறுபடும். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க மறந்தால் எம் மோடில் சில கேமராக்கள் ஷட்டரை விட்டுவிட்டு ஐஎஸ்ஓவை மாற்றும். பிரகாசமான ஃப்ரேமில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான கரடு) ஏறிவிடும், எச்டிஆர் எடுத்ததன் பயனே போய்விடும்.

ரா ஃபைல் என்றால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) இடைவெளியில் மூன்று படம் பெரும்பாலும் போதும். நடு எக்ஸ்போஷர் 1/60 என்றால் மற்றவை 1/250, 1/15. சூரியன் ஃப்ரேமுக்குள் இருந்தால் ஐந்து எடுங்கள். எடுத்த கையோடு இரண்டைச் சரிபாருங்கள்: மிக இருண்ட படத்தில் வானம் வலது ஓரத்தில் முட்டக்கூடாது, மிக வெளிச்சமான படத்தில் நிழல் இடது ஓரத்தில் ஒட்டக்கூடாது. இரண்டு விநாடி டைமரும் தொடர் ஷூட்டிங்கும் சேர்ந்தால் கை படாமல் மூன்றும் விழும்.

லைட்ரூம் மென்பொருளில் மூன்றையும் தேர்ந்து எச்டிஆர் மெர்ஜ் கொடுக்கும்போது, அசைந்த பொருள் இரட்டையாகத் தெரிவதை நீக்கும் டீகோஸ்ட்டை முதலில் அணைத்தே பாருங்கள். அலையோ இலையோ இரட்டையாகத் தெரிந்தால் மட்டும் குறைந்த அளவில் போடலாம். அது அசைந்த இடத்தை ஒரே ஃப்ரேமிலிருந்து எடுப்பதால், அங்கே மட்டும் நாய்ஸ் பிடித்துக்கொள்ளலாம்.

இனிதான் பலரும் சறுக்கும் இடம். ஹைலைட்ஸை (வெளிச்சப் பகுதிகள்) மைனஸ் 100, ஷேடோஸை (நிழல் பகுதிகள்) ப்ளஸ் 100 என இழுத்தால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தட்டையாகும். ஹைலைட்ஸை மைனஸ் 40 முதல் 60, ஷேடோஸை ப்ளஸ் 20 முதல் 40 என்று தொடங்கி, பிறகு மிகக் கருமையான பகுதிகளுக்கான பிளாக்ஸைக் கீழே இறக்குங்கள். பாறை இடுக்கு, வேரடி போன்ற ஆழமான இடங்கள் மெய்யாகவே கருமையாக வேண்டும். விளிம்புகளின் மாறுபாட்டைக் கூட்டும் கிளாரிட்டி ப்ளஸ் 15ஐத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எல்லா நிறத்தையும் ஒன்றாக ஏற்றும் சாச்சுரேஷனைத் தொடாமல், மங்கலான நிறங்களை அதிகம் ஏற்றும் வைப்ரன்ஸில் பத்து ஏற்றினால் போதும்.

மலைவிளிம்பை நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். மலையை ஒட்டி வானத்தில் வெள்ளைப் பட்டை ஓடினால் அது ஹாலோ. அந்தந்த இடத்து மாறுபாட்டை மென்பொருள் தனித்தனியே கூட்டுவதால், இருண்ட விளிம்பை ஒட்டிய வானம் தேவைக்கு மேல் வெளுக்கிறது. கிளாரிட்டியையும் ஷேடோஸையும் குறைத்துவிட்டு, வானத்துக்குத் தனி கிரேடியன்ட் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்குங்கள்.

ஒளியின் வரிசையும் குலையக்கூடாது. சூரியன் இருக்கும் பக்கம்தான் மிகப் பிரகாசம், நீரில் விழும் வானம் மேலிருக்கும் வானத்தைவிடச் சற்று மங்கல், வெயில் படாத தரை அதற்கும் கீழே. தரை வானத்தைவிட வெளிச்சமாக இருக்கும் படத்தைப் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் போலி என்று சட்டெனத் தோன்றும். படத்தைத் தற்காலிகமாகக் கருப்பு வெள்ளையாக்கினால் இந்தப் பிழை பளிச்சென்று தெரியும். நிழலில் இருக்கும் நீலச் சாயலை முழுக்கத் துடைக்காதீர்கள், வெயில் படாத இடத்துக்கு வானத்து ஒளிதான் விழுகிறது.

வேறு மென்பொருளுக்கு அனுப்பித் திருத்துவதாக இருந்தால் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக அனுப்புங்கள். 8 பிட் ஜேபெக்கை எடுத்து வானத்தை இழுத்தால் நீலம் படிப்படியாகக் கோடுகளாக உடையும். ஜேபெக் கடைசியில், திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில்.