‘அவனே’யா ‘அவனை’யா: அப்பாவின் கட்டுரைகளை ஓசிஆர் செய்த அனுபவம்

1958 முதல் 1971 வரை பத்திரிகைகளில் எழுதிய கட்டுரைகளையெல்லாம் அப்பா கத்தரித்து, ஒன்றாக பைண்டு செய்து வைத்திருந்தார். 340 பக்கம். தாள் பழுப்பேறி, ஓரத்தைத் தொட்டால் உதிர்கிற நிலை. இன்னும் சில வருடம் விட்டால் கையில் எடுக்கவே முடியாது என்று தெரிந்தபோதுதான் வேலையில் இறங்கினேன். தட்டச்சு செய்ய ஆளில்லை, ஓசிஆர் (பக்கத்தின் படத்திலிருக்கும் எழுத்தை மென்பொருளே படித்து உரையாக்கித் தருவது) செய்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது. அதில் மென்பொருள் எழுத்துகளைப் படித்துக் கொடுத்த நேரம் ஒரே ஒரு மாலைப் பொழுதுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் செய்த வேலை.

முதலில் போனில் படமெடுத்தேன். பைண்டிங் மடிப்பை நெருங்கும் இடத்தில் வரிகள் வளைந்து போயின, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அப்படி எடுத்த 40 பக்கங்களையும் தள்ளிவிட்டுத் தட்டை ஸ்கேனரில் மறுபடி தொடங்கினேன். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நுணுக்கம்), கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்களோடு). அடிக்குறிப்பு மாதிரிப் பொடி எழுத்து இருந்த பக்கங்களுக்கு மட்டும் 600. ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட வேண்டாம். எந்தச் சாம்பல் நிறம் மை, எது தாளின் கறை என்று பிறகு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். முதலிலேயே தொலைத்துவிட்டால் திரும்ப வராது.

தமிழுக்கென்றே இதில் ஒரு தொல்லை உண்டு: புள்ளி. மெல்லிய தாள் என்பதால் பின்பக்க அச்சு இந்தப் பக்கத்தில் லேசாகத் தெரிந்தது. அந்த நிழலின் துணுக்கு ஒன்று ‘க’ மேல் விழுந்தால் அது ‘க்’ ஆகிவிடுகிறது. பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்தேன், பின்பக்கத்து எழுத்து கிட்டத்தட்ட மறைந்தது. அப்புறம் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் சாய்வை நிமிர்த்தி, ஓரங்களை வெட்டி, கறையை நீக்கினேன். அங்கே நேர் எதிரான சிக்கல். சிறு கறைகளை அழிக்கும் வசதியைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன். அது கறையோடு சேர்த்து மெய்யெழுத்தின் புள்ளிகளையும் துடைத்துவிட்டது. ‘மரம்’ என்பது ‘மரம’ என்று வந்தபோது மென்பொருள் தவறாகப் படித்ததாகவே நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே புள்ளியே இல்லை. இல்லாததை அது எப்படிப் படிக்கும்? அன்றிலிருந்து கறை நீக்கும் அளவைக் குறைந்தபட்சத்தில்தான் வைத்தேன். தாளில் நாலு கறை கூடுதலாக இருப்பது, நாற்பது புள்ளி காணாமல் போவதைவிட எவ்வளவோ மேல்.

எழுத்தைப் படிக்க டெஸராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஹெவ்லெட் பேக்கார்டில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்டு, 2005-இல் திறமூலமாக (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற முறையில்) வெளிவந்தது அது. 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலையமைப்பை (ஏராளமான மாதிரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலை) வைத்து ஒரு வரியை மொத்தமாகப் படிக்கிறது. இந்தத் தகவலைச் சும்மா சொல்லவில்லை. வரியாகப் படிக்கும்போது, தெளிவில்லாத எழுத்துக்கு அக்கம்பக்கத்து எழுத்துகளோடு பொருந்திப் போகிற ஒன்றை அது எடுத்துக்கொள்கிறது. அதனால் பிழைகூடப் பல நேரம் நல்ல தமிழ்ச் சொல்லாகவே வந்து உட்கார்ந்திருக்கும்.

கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தும் பார்த்தேன். என் பக்கங்களை அது இன்னும் கொஞ்சம் சுத்தமாகவே படித்தது. ஆனால் 340 பக்கங்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க வேண்டும். அதைவிட, தொகுப்பின் நடுவே அப்பாவுக்கு வந்த சொந்தக் கடிதங்களும் ஒட்டியிருந்தன. அவை என் கணினியை விட்டு வெளியே போவதில் எனக்கு விருப்பமில்லை. (கடிதங்கள் கையெழுத்து. டெஸராக்ட் அச்செழுத்துக்கானது, அங்கே உதவாது. அவற்றை நானே பார்த்துத் தட்டச்சு செய்தேன்.)

பத்திரிகைப் பக்கம் என்பதால் பக்கவாட்டில் இரண்டு பத்தி. நடுவில் இடைவெளி குறுகலாக இருந்த இடங்களில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒட்டி ஒரே வரியாகிவிட்டன. அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டு நாள் போனது. கடைசியில் ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

சரி, பிழை எவ்வளவு? நூற்றுக்கு 98 எழுத்து சரி என்பது கேட்க நன்றாக இருக்கும். ஒரு பக்கத்தில் 1500 எழுத்து என்றால் பக்கத்துக்கு 30 பிழை. அந்த முப்பதில் பெரும்பாலானவை என் தொகுப்பில் ஒரே காரணத்தால் வந்தவை.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் மேலே தும்பிக்கை போட்ட வடிவத்தில் அச்சாயின. ணா, றா, னா மூன்றுக்கும், அவற்றின் ஒகர ஓகார எழுத்துகளுக்கும் தனிக் கூட்டெழுத்து இருந்தது. மொத்தம் 13 எழுத்து. அப்பாவின் கட்டுரைகள் முழுக்க அந்த எழுத்துகள்தான். அவற்றைச் சரியாக அறியாத மென்பொருள் ‘இல்லை’யை ‘இல்லே’ என்றது. ‘கண்ணாடி’ ‘கண்ணுடி’ ஆனது, ‘ஆனால்’ ‘ஆனுல்’ ஆனது, ‘என்றான்’ ‘என்ருன்’ ஆனது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் மனம் கலங்கிவிட்டது. ஆனால் ஒரே மாதிரி நடக்கிற பிழை ஒரு வகையில் நல்ல பிழை. ‘ஆனுல்’ என்றொரு சொல் தமிழில் இல்லை, மொத்தமாக மாற்றிவிடலாம். இப்படி 200 சொற்களுக்கு மேல் பட்டியல் போட்டு ஒரே ஓட்டத்தில் மாற்றினேன். பிழையில் பாதிக்கு மேல் அன்றைக்கே தீர்ந்தது.

மீதியில்தான் ஆபத்து இருந்தது. ‘அவனை’ என்பதை ‘அவனே’ என்று படித்தால் என்ன செய்வது? இரண்டும் நல்ல தமிழ். ‘அவனை நம்பினான்’ என்றால் யாரோ ஒருவன் இன்னொருவனை நம்பினான். ‘அவனே நம்பினான்’ என்றால் கதையே வேறு. எழுத்துப்பிழை திருத்தி இதைக் கண்டுபிடிக்காது. கண்ணும் கண்டுபிடிப்பதில்லை, வேகமாக வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு போய்விடும். ‘என்னை’யும் ‘என்னே’யும் அப்படித்தான். அப்பா இலக்கியக் கட்டுரைகளில் ‘என்னே அழகு!’ என்று அடிக்கடி வியக்கிறவர். மொத்தமாக மாற்றினால் அவருடைய வியப்பெல்லாம் ‘என்னை அழகு!’ ஆகியிருக்கும்.

இதற்குக் கை கொடுத்தது பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம். இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து வந்தால் அதன்பின் வல்லினம் மிகும்: ‘அவனைக் கேட்டான்’. ஏகாரத்துக்குப் பின் மிகாது: ‘அவனே கேட்டான்’. ஓசிஆர் தந்தது ‘அவனேக் கேட்டான்’ என்று இருந்தால், அந்த ‘க்’ ஒன்றே போதும். தாளில் இருப்பது ‘அவனை’தான். ணே, லே, ளே, னே இவற்றை அடுத்து க், ச், த், ப் வருகிற இடங்களையெல்லாம் தேட ஒரு சிறு கட்டளை எழுதினேன். வந்த பட்டியலைப் படத்தோடு ஒப்பிட்டேன், விதி எங்கும் தவறவில்லை. அப்பா சந்தியை விடாமல் எழுதுகிறவர், அச்சுக்கோத்தவர்களும் விடவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்த ஒற்றெழுத்துகள்தான் எனக்கு வழிகாட்டின. அவற்றை வேண்டாத சுமை என்று சொல்கிறவர்களோடு இனி என்னால் ஒத்துப்போக முடியாது.

அடுத்த சொல் உயிரிலோ, மெல்லினத்திலோ, இடையினத்திலோ தொடங்கினால் இந்தத் துப்பு கிடையாது. அப்படி 400 இடங்களுக்கு மேல் மிஞ்சின. அவற்றுக்குக் குறுக்கு வழி இல்லை. வாக்கியத்தை ஒரு பக்கமும் படத்தை மறுபக்கமும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தும்பிக்கையா, இரட்டைக் கொம்பா என்று தாளில் தெளிவாகவே தெரியும்.

தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்தால் இணைப்புக்கோடு போடுவதில்லை. அதனால் ‘வந்திருக் கிறார்கள்’ என்று இரண்டு துண்டாக வந்த சொற்கள் ஆயிரக்கணக்கில். வரிக் கடைசித் துண்டையும் அடுத்த வரி முதல் துண்டையும் சேர்த்து, அந்தச் சொல் தொகுப்பில் வேறெங்காவது முழுசாக வந்திருந்தால் ஒட்டச் சொன்னேன். முக்கால்வாசி அதில் முடிந்தது.

எண்களைத் தனியாகவே பார்க்க வேண்டும். 1947 என்பது 1941 ஆனால் எந்த அகராதியும் குரல் கொடுக்காது. எண் வருகிற வரிகளை மட்டும் பிரித்தெடுத்து இரண்டு முறை சரிபார்த்தேன். இதில் எனக்குப் பயம் அதிகம். 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிவியலாளர், சில அலுவலக ஸ்கேனர்கள் கோப்பைச் சுருக்கும்போது 6-ஐ 8 ஆக்கிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். அங்கே ஓசிஆரே நடக்கவில்லை, படமே தப்பு. அதைப் படித்த பிறகு மூலப் படங்கள் எல்லாவற்றையும் சுருக்க இழப்பில்லாத டிஃப் கோப்புகளாகத்தான் வைத்திருக்கிறேன்.

கடைசி மெய்ப்பைக் காதால் பார்த்தேன். திருத்திய உரையைக் கணினி உரக்க வாசிக்கும், நான் அப்பாவின் தாளைக் கண்ணால் தொடர்வேன். ‘மனம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மணம்’ ஒலித்தால் சட்டென்று உறைக்கும். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் போனால் காது மழுங்கிவிடுகிறது, நிறுத்திவிடுவேன். அக்கா வீட்டிலிருந்த நாட்களில் அவளே வாசித்தாள். கணினியைவிட அது நன்றாக இருந்தது, பொருள் இடறும் இடத்தில் அவள் தானாகவே நின்றுவிடுவாள்.

ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவியால், படத்துக்கு அடியில் தேடத்தக்க உரை மறைந்திருக்கும் பிடிஎஃப் ஒன்றையும் தனியாகச் செய்து வைத்தேன். அது திருத்தாத உரைதான். எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று தேட அதுவே போதும். தேடலில் ஒரு விஷயம்: ‘கௌ’ என்பதைச் சில இடத்தில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தாகப் படித்திருந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. ‘கௌரவம்’ என்ற சொல் தொகுப்பில் ஒரு இடத்தில்கூட இல்லை என்று கணினி சொன்னபோதுதான் பிடிபட்டது.

பக்கம் 217-இல் ஒரு வரி மட்டும் வெறும் குப்பையாக வந்திருந்தது. படத்தைத் திறந்தேன். அச்சில் ‘அவனே’ என்று விழுந்திருந்த சொல்லை நீல மையால் அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் ‘அவனை’ என்று அப்பா திருத்தியிருந்தார். கோடும் மையும் சேர்ந்து மென்பொருளைக் குழப்பிவிட்டன. உரையில் ‘அவனை’ என்றே போட்டேன். அடிக்குறிப்பில், ஆசிரியரின் கைத்திருத்தம் என்று எழுதி வைத்தேன்.