பி.எஸ்சி. கணிதம்: கட்டணம் கொஞ்சம், காலம் அதிகம்

அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். சேர்ந்த பிறகும் வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பிள்ளைக்குக் கட்டணம் போகக் கையில் மிஞ்சக்கூட வாய்ப்புண்டு.

உதவிபெறும் கல்லூரி என்றால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே வளாகம், அதே பாடத்திட்டம், அதே பட்டம்தான். ஆனால் ஒரு ஷிஃப்ட் எய்டட், இன்னொரு ஷிஃப்ட் செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இருக்கும். பின்னதில் கட்டணம் பல மடங்கு. முதல் பட்டியலில் பெயர் வராத பதற்றத்தில் செல்ஃப் ஃபைனான்ஸில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பக்கத்து அரசுக் கல்லூரியில் அடுத்த சுற்றுக் கலந்தாய்வு வரை பொறுத்துப் பார்ப்பது நல்லது. கணிதத்துக்குப் பல ஊர்களில் அப்போதும் இடம் இருக்கிறது.

இந்தப் படிப்பில் பெரிய செலவு பணமாக வருவதில்லை, வருஷங்களாக வருகிறது. ஆசிரியர் வேலையை எடுத்துக்கொண்டால் அது நன்றாகத் தெரியும்.

ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணிதம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியராக பி.எஸ்சி. மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம். பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட், அதன் இரண்டாம் தாள். அதைத் தேறினால் தகுதிதான் கிடைக்கிறது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு. பதினொன்று, பன்னிரண்டுக்கு எடுக்கும் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் நடுவில் எம்.எஸ்சி. இரண்டு வருஷம் சேரும். ஆக மொத்தம் ஏழு வருஷம். பி.எஸ்சி. முடித்த கையோடு மாதம் 15,000 ரூபாய் வேலைக்குப் போயிருந்தால் அந்த மேல் நான்கு வருஷத்தில் 7,20,000 ரூபாய் வந்திருக்கும். எம்.எஸ்சி., பி.எட். கட்டணத்தோடு இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் செலவு எழுத வேண்டும். எதிர்ப்பக்கத்தில், முதுகலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,900-இல் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. வேலை கிடைத்துவிட்டால் போட்டது சில வருஷத்தில் திரும்பிவிடும்.

கிடைப்பதில்தான் சிக்கல். முதுகலை ஆசிரியர் தேர்வு வருஷம் தவறாமல் வருவதில்லை. 2017, 2019, 2021-இல் அறிவிப்பு வந்தது, அடுத்தது 2025-இல்தான். 2022-இல் பி.எட். முடித்தவர் மூன்று வருஷம் தனியார் பள்ளிச் சம்பளத்திலும் மாலை டியூஷனிலும் ஓட்டியிருப்பார். எத்தனை வருஷம் காத்திருக்கலாம் என்பதை பி.எட். சேரும்போதே வீட்டில் பேசி ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வந்தால் 150 கேள்விகளில் 110 பாடத்திலிருந்து, 30 கல்வியியலிலிருந்து, 10 பொது அறிவிலிருந்து. கல்வியியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு அந்த 30-இல் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

இன்னொரு விஷயம் சான்றிதழ் சரிபார்ப்பு வரும் வரை யாரும் சொல்வதில்லை: பட்டத்தின் பெயர். சில கல்லூரிகளில் ‘கணிதம் – கணினிப் பயன்பாடு’ என்று சேர்த்து வைத்திருப்பார்கள். அந்தப் பட்டம் பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இருந்தால்தான் ஆசிரியர் பணிக்குச் செல்லும். சேரும்போதே பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் முழுப் பெயரையும் சொல்லி இணைத்தன்மை அரசாணை எண்ணைக் கேளுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால் வெறும் கணிதத்திலேயே சேருங்கள். தேர்வில் தேறிய பிறகு இந்த ஒரு காகிதத்துக்காக அலைவது கொடுமை. இளநிலையில் கணிதமும் முதுநிலையில் வேறு பாடமும் படித்தாலும் இதே இடத்தில் முட்டும்.

ஆசிரியப் பணிதான் வேண்டும் என்று பன்னிரண்டிலேயே முடிவானவர்களுக்கு நான்கு வருஷ ஒருங்கிணைந்த பி.எஸ்சி.பி.எட். இருக்கிறது. தென் மாநிலங்களுக்கான மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் அது நெடுங்காலமாக நடக்கிறது. ஒரு முழு வருஷம் மிச்சம்.

அடுத்தது, கணிதத்தையே மேலே படிப்பது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு: 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். செமஸ்டரில் எண்பது, தொண்ணூறு எடுத்தவர்கள் இதில் திணறுவார்கள். காரணத்தை ஒரு கேள்வியை வைத்தே காட்டலாம். செமஸ்டர் வினாத்தாள் ‘மெய்யெண்களின் ஒவ்வொரு கோஷி தொடர்வரிசையும் குவியும் என நிறுவுக’ என்று கேட்கும். குவிவது என்றால் வரிசை ஒரே ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போவது. தியரத்தை மனப்பாடமாக எழுதினால் முழு மதிப்பெண். ஜாம் அப்படிக் கேட்காது. அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கினால் அந்தத் தொடர்வரிசை குவியுமா என்கிற தினுசில் கேட்கும். மனப்பாடம் செய்தவர் ‘குவியும்’ என்று குறித்துவிட்டு மைனஸ் மார்க் வாங்குவார்.

√1, √2, √3, √4 என்று போகும் வரிசையைப் பாருங்கள். √10,001-க்கும் √10,000-க்கும் வித்தியாசம் ஏறக்குறைய 0.005. மேலே போகப் போக இன்னும் சுருங்கும். ஆனால் √10,000 என்பது 100, √40,000 என்பது 200. வரிசை எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. கோஷி நிபந்தனை கேட்பது பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை அல்ல. ஓரிடத்துக்கு அப்பால் எந்த இரண்டை எடுத்தாலும் அவை நெருங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு தியரத்துக்கும் இப்படி ஒரு நிபந்தனையைத் தளர்த்தி, எங்கே உடைகிறது என்று ஒரு எடுத்துக்காட்டு தேடி நோட்டில் எழுதி வருவதுதான் ஜாமுக்கான உண்மையான தயாரிப்பு. மூன்றாம் செமஸ்டரில் தொடங்கினால் நிதானமாக முடியும். ஐந்தாவதில் தொடங்கினால் பழைய வினாத்தாளை மட்டும் புரட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம் 1993 முதல் நடக்கிறது. கேள்வி கேட்டே பாடம் நடத்துவார்கள். இடம் கிடைத்தால் விடவே கூடாது. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. பன்னிரண்டு முடித்தே அங்கே பி.எஸ்சி. சேரலாம் என்பது நம்மூரிலேயே பலருக்குத் தெரியவில்லை.

எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டைச் சார்ந்திராமல் பி.எச்டி. முடிக்கலாம். அது வராமல் வெறும் எம்.எஸ்சி.யோடு கல்லூரி வேலையை நம்பினால் கௌரவ விரிவுரையாளர் என்ற தொகுப்பூதிய நிலையிலேயே பல வருஷம் போய்விடுகிறது. கல்லூரி ஆசிரியராகும் ஆசையுள்ளவர்கள் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

ஆக்சுவரி, அதாவது காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் அபாயத்தைக் கணக்கிடும் வேலை பற்றி நம் கல்லூரிகளில் பேச்சே குறைவு. இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டு முடித்ததும் எழுதலாம். அதன்பின் தாள் தாளாகத் தேற வேண்டும். சி.எஸ்.1 தாளில் நிகழ்தகவும் புள்ளியியலும்; அதன் இரண்டாம் பகுதி கணினியில் ‘ஆர்’ மொழியில். சி.எம்.1-இல் ஆயுள் அட்டவணை, வட்டிக் கணக்கு, அதற்கு எக்செல். ஒவ்வொரு தாளுக்கும் தனிக் கட்டணம், தோற்றால் மறுபடி கட்ட வேண்டும். அதனால் பட்டம் முடிப்பதற்குள் ஏசெட்டும் இரண்டு மூன்று தாள்களும் என்று அளவாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வேலைகள் பெரும்பாலும் மும்பை, குருகிராம், பெங்களூரு பக்கம். ஊரைவிட்டுப் போக மனம் வேண்டும்.

ஐ.டி. பக்கம் பெரிய நிறுவனங்கள் பி.எஸ்சி. கணிதத்தையும் எடுக்கின்றன. சம்பளம் பொறியியல் பட்டதாரியைவிடக் கீழே தொடங்கும். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தம் எத்தனை வருஷம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் படித்துவிடுங்கள். பைத்தான், எஸ்.கியூ.எல். என்ற கணினி மொழிகள் தெரிந்தால் டேட்டா வேலைகளுக்கு வழி திறக்கும். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருஷம்.

அலைடு (துணைப்) பாடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் புள்ளியியலை எடுங்கள். யு.பி.எஸ்.சி.யின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விண்ணப்பிக்கவே முடியாது. முதல் வருஷம் ‘இயற்பியல் சுலபம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு டிக் அடித்துவிட்டு மூன்றாம் வருஷம் தெரிந்துகொண்டு பயனில்லை.

இன்னும் சேராதவர்களுக்கு ஒரு சோதனை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் பெரும்பாலும் கணக்குப் போடுவது. பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷத்திலிருந்து பெரும்பாலும் நிறுவல். √2 விகிதமுறா எண் என்ற நிறுவலைப் படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு √3-க்கு நீங்களே எழுதுங்கள். வந்ததா? அதே வரிகளை √4-க்கும் எழுதுங்கள். √4 என்பது 2, விகிதமுறு எண்தான். எனவே நிறுவல் ஏதோ ஒரு வரியில் உடைந்தாக வேண்டும். அந்த வரியைத் தேடி அரைமணி நேரம் உட்கார முடிந்தால் தயங்காமல் சேருங்கள். அந்தத் தேடலே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் கணக்குப் போடப் பிடிக்கும் என்றால் பி.எஸ்சி. புள்ளியியல், பி.காம்., கணினி அறிவியல் இவை உங்களுக்கு இன்னும் பொருந்தும். சேர்ந்துவிட்டு, நிறுவல் நிறைந்த ரியல் அனாலிசிஸ் தாளில் அரியரோடு இரண்டு வருஷம் போராட வேண்டாம்.

தேடிப் பார்த்தவர்களுக்கு விடை: ‘ஒரு முழு எண்ணின் வர்க்கம் 3-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 3-ஆல் வகுபடும்’ என்ற வரி. 3 பகா எண் என்பதால் அது செல்லும். 4-க்குச் செல்லாது: 2-இன் வர்க்கம் 4-ஆல் வகுபடுகிறது, 2 வகுபடுவதில்லை.