குனியாதீங்க

"அப்ப கோலம் போடறப்ப குனியறனே, அதுக்கு என்ன கண்ணு பண்றது?"

நான் நடத்தும் பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பில் அந்த அம்மா இதைக் கேட்டபோது நான் அடுத்த விரிப்பில் இருந்தவரின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே வேண்டாங்கம்மா, வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க" என்றேன். மொத்தமே ஐந்து நொடி இருக்கும். ஒன்றரை வருடமாகியும் அது என்னை விடவில்லை.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று காலைதான் அவர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருந்தார். வயது 64, முதுகெலும்பில் அந்த அடர்த்திக்கான மதிப்பெண், டி ஸ்கோர், மைனஸ் 2.9. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை என்றுதான் கணக்கு. இந்தப் பயிற்சிமுறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945-ல் எழுதிவைத்த 34 பயிற்சிகளில் முதல் மூன்றான ஹண்ட்ரட், ரோல் அப், ரோல் ஓவர் எல்லாமே முதுகை முன்பக்கமாகச் சுருட்டுபவை. அப்படிச் சுருட்டும்போது பாரம் பெரும்பாலும் முள்ளெலும்பின் முன்விளிம்பில் இறங்கும். எலும்பு வலுவிழந்திருந்தால் அந்த விளிம்பு நசுங்கி, எலும்பே ஆப்பு மாதிரி ஆகிவிடும். பல பேருக்கு வலிகூடத் தெரியாது, உயரம் குறைந்த பிறகுதான் தெரியும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984-ல் வந்த ஆய்வை எங்களுக்குப் பாடமாகவே சொல்லித்தந்தார்கள். எலும்புப்புரை இருந்த பெண்களில் முன்னால் மடங்கும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்கள் 9 பேர், அதில் 8 பேருக்குப் புதிதாக முறிவு. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சிகளை மட்டும் செய்த 25 பேரில் 4 பேருக்குத்தான். இதைப் படித்தவள் எப்படிக் குனியச் சொல்வேன்?

ஆனால் அது ஒன்பதே ஒன்பது பேர். அவர்கள் செய்தது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி, கோலம் இல்லை. இதுவும் எனக்கு அன்றே தெரியும்.

அன்றைய வகுப்பையும் சொல்ல வேண்டும். தலையணை வைத்துக்கொண்டிருந்தேனே, அவருக்குக் கீழ் முதுகில் தண்டுவடப் பாதை சுருங்கியிருந்தது. முன்னால் குனிந்தால் அவருக்குச் சுகம், பின்னால் வளைந்தால் கால் மரத்துவிடும். இந்த அம்மாவுக்கு நேர் எதிர். மூன்றாவது விரிப்பில் ஐந்து மாதக் கர்ப்பிணி, அவரை நெடுநேரம் மல்லாந்து படுக்கவிட முடியாது. ஒருவருக்கு மருந்தாக இருப்பது பக்கத்து விரிப்பில் இருப்பவருக்கு ஆகாது. மூன்று பக்கமும் கண்ணை வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஆனால் வகுப்புக்குள் அவரிடம் எதையுமே நான் வெறுமனே "வேண்டாம்" என்று சொன்னதில்லை. ரோல் அப் வேண்டாம் என்றால் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது. ஹண்ட்ரடில் தலை தூக்க வேண்டாம், சின்னத் தலையணையில் தலையை வைத்துக்கொண்டு கைகளை மட்டும் அடித்தால் போதும். எழுந்திருப்பதென்றால் ஒருக்களித்து, கையை ஊன்றி. அது நம் பாட்டிமார் சொன்னதேதான். என் வேலையே ஒன்றை எடுத்தால் இன்னொன்றை அந்த இடத்தில் வைப்பதுதான். கோலத்தை எடுத்தேன், அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. அவர் எப்படிக் குனிகிறார் என்று ஒரு தடவை செய்து காட்டச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், தான் போட்ட 21 புள்ளிச் சிக்குக்கோலத்தை போனில் காட்டி, "ஒரே இழை கண்ணு, எங்கியும் அறுபடாது" என்று விரலாலேயே திரையில் இழுத்துக் காட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வகுப்பைக்கூட அவர் விடவில்லை. நான் சொன்னதையெல்லாம் செய்தார். நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, வகுப்பு முடிந்து செருப்பு போடும் இடத்தில் அவர் வண்டிச்சாவி கீழே விழுந்தது. எடுக்கவில்லை. சாவியைப் பார்த்தபடி, கையைச் சுவரில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யாராவது வரட்டும் என்று காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது. எடுத்துக் கொடுத்தேன். "நீதான கண்ணு குனியக் கூடாதுன்ன" என்றார். அதில் குறை எதுவும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறேன் என்கிற பெருமைதான் இருந்தது.

விழுந்துவிடுவோமோ என்ற பயமே ஆளை விழவைக்கும் என்பதும் எங்கள் பாடத்தில் உண்டு. பயந்தவர்கள் நடையைக் குறைப்பார்கள், கால் வலு குறையும், பிறகு விழுவார்கள். எலும்புப்புரையில் இடுப்பு முறிவது பெரும்பாலும் விழுவதால்தான். அப்படியென்றால் நான் காப்பாற்றினேனா, வேறு வழியாக அதே இடத்துக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேனா? இன்றுவரை அவருக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. அது என்னாலா, மாத்திரையாலா, எப்படியும் முறிந்திருக்காதா, எனக்குத் தெரிய வழியில்லை.

போன மார்கழியில் அவர்கள் தெரு வழியாகப் போனேன். வாசல் தெளித்திருந்தது. நடுவில் ஸ்டிக்கர் கோலம், ஒரு ஓரம் பிய்ந்து சுருண்டிருந்தது.

மறுநாளே ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, "கோலம் போடற மாதிரி குனிஞ்சு காட்டுங்கம்மா" என்றேன். தயங்கினார். பிறகு காலை அகட்டி, இடக்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்தார். முதுகில் கம்பை வைத்துப் பார்த்தேன். பின்னந்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட வேண்டும். இரண்டு தொட்டன, தலை மட்டும் தொங்கியது. நான் பயந்த அளவுக்கு முதுகு சுருளவே இல்லை. பாதிக்கு மேல் இடுப்பு மூட்டில்தான் மடங்கினார், நாற்பது வருடப் பழக்கம். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளச் சொன்னேன். மூன்றும் தொட்டன.

"இப்படியே சின்னதா ஒரு கோலம் போடலாங்கம்மா. அஞ்சு புள்ளி போதும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்னைக்கு வேண்டாம்ன, இன்னைக்குப் போடுங்கற. எதைக் கண்ணு நம்பறது?"

இரண்டுமே அவர் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வற்புறுத்தவும் பயமாக இருந்தது. போட்டு ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் என் சொல்தானே.

"பாக்கலாம்" என்றார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.