கேள்வி விழும் நொடி

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஓர் அதிகாரியின் செய்தியாளர் சந்திப்புப் பதிவை இன்றிரவு ஒலியை நிறுத்திவிட்டு மூன்று முறை பார்த்தேன். முதல் பத்து நிமிடம் அவர் கைகளை விரித்தும், தொகைகளைச் சொல்லும்போது விரல்விட்டு எண்ணிக் காட்டியும் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஏதோ கேட்டதும் அந்தக் கைகள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டன, உதடுகள் உள்ளே மடிந்தன; தண்ணீர்க் குவளையை எடுத்தவர் குடிக்காமலே திரும்ப வைத்தார். அந்த நொடியில் அவருக்குள் ஏதோ இறுகியது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது பொய்யா, அச்சமா, கேள்வி கேட்கப்பட்ட விதத்தின் மீதான கோபமா என்பதைத்தான் கைகள் சொல்லவில்லை.

மார்ச் 6, 2025, வியாழன்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறோம். குற்றமற்ற நெஞ்சும், பத்து ஒலிவாங்கிகளுக்கு முன் நிறுத்தப்பட்டால், அதே அளவுக்குக் குறுகுறுக்கும் என்பதை நான் ஒருவருக்கு அநீதி இழைத்த பிறகே உணர்ந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது விசாரணையில் பார்வையாளராக அமர்ந்திருந்தபோது, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், சொற்களை விழுங்கி விழுங்கிப் பதில் சொன்ன ஓர் இளநிலை அலுவலரைப் பொய்யர் என்று தீர்மானித்து, அருகில் இருந்தவர்களிடமும் அப்படியே சொன்னேன். பின்னர் ஆவணங்கள் வெளிவந்தபோது, அவர் சொன்ன ஒவ்வொரு தேதியும் சரியாக இருந்தது. கடிதங்களை மறைத்தவர், அன்று நிதானமாக, கேட்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசிய மேலதிகாரி. உண்மை சொல்பவரின் பதற்றத்தைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளும் இந்தத் தவற்றுக்கு உளவியலாளர் பால் எக்மன், மனைவியின் அச்சத்தைக் குற்றமாக எண்ணிவிடும் ஷேக்ஸ்பியர் நாடக நாயகனின் பெயரால், 'ஒத்தெல்லோ பிழை' என்று பெயரிட்டார். பெயர் தெரிந்த பிறகும் அந்த அலுவலரின் குனிந்த தலை என் நினைவை விட்டு நீங்கவில்லை.

மார்ச் 9, 2025, ஞாயிறு

உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து, 2006 இல் வெளியிட்ட தொகுப்பாய்வை மீண்டும் படித்தேன். மெய்யையும் பொய்யையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடே சரியாக இருக்கிறார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். டிபாலோவும் பிறரும் 2003 இல் 158 அறிகுறிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் இருந்த தொடர்பு மிக மெல்லியது, அல்லது அப்படி ஒன்று இல்லவே இல்லை. பொய் சொல்பவர் கண்ணைத் தவிர்ப்பார் என்ற நம்பிக்கை மட்டும் நாடு, மொழி பாராமல் எங்கும் பரவியிருக்கிறது. அதை நம்புபவர்களில் பொய் சொல்லப் பழகியவர்களும் அடக்கம் என்பதால், அவர்கள் கண்ணைப் பார்த்தே பேசிவிடுகிறார்கள்.

மார்ச் 12, 2025, புதன்

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1997 மே 13 அன்று ஒளிபரப்பான நேர்காணலை இன்று பார்த்தேன். சிறைத்துறைத் தலைவர் டெரிக் லூயிஸின் முடிவை மீறி உத்தரவிடப் போவதாக அவரை மிரட்டினீர்களா என்று, முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் நேர்காணல் செய்த ஜெரமி பாக்ஸ்மன் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறை அளவுக்குக் கேட்கிறார். முகத்தை மட்டும் பார்த்திருந்தால் எனக்குப் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது. பதில்களை எழுதி வைத்துப் பார்த்தபோதோ, தமக்கு எந்த அதிகாரம் இருந்தது, எது இல்லை, யாரிடம் ஆலோசனை கேட்டார் என்பதெல்லாம் வந்தன. 'மிரட்டினேன்', 'மிரட்டவில்லை' என்ற இரண்டில் ஒன்றுகூட வரவில்லை. கேள்வி மாறாமல் நின்றதால்தான் பதிலின் நழுவல் கண்ணுக்குத் தெரிந்தது. பாக்ஸ்மன் ஒவ்வொரு முறையும் புதிய கேள்விக்குத் தாவியிருந்தால் பார்வையாளர்களான நாம் இமைகளையும் விரல்களையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மார்ச் 15, 2025, சனி

செவ்வாயன்று பார்த்த பதிவை இன்று ஒலியோடு கேட்டேன். ஒப்பந்தக் கோப்பில் முதலில் கையெழுத்திட்டவர் யார் என்பதே அந்தப் பெண் கேட்டது. "எல்லா நடைமுறைகளும் முறையாகப் பின்பற்றப்பட்டன" என்றார் அதிகாரி. யார் என்று கேட்டதற்கு எப்படி என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை "நான் பார்த்தேன்", "நான் சொன்னேன்" என்று பேசியவரின் வாக்கியத்திலிருந்து 'நான்' காணாமல் போயிருக்கிறது. மேசையைப் பற்றிய கைகள் எனக்கு இந்த இடத்தை அடையாளம் காட்டின. அதற்கு மேல் அவற்றிடம் எதையும் கேட்க எனக்கு உரிமையில்லை. குறிப்பேட்டில் அந்த நிமிடத்தையும், கேள்வியையும், பதிலையும் சொல் மாறாமல் எழுதி, அதிகாரியைப் பற்றிய பத்தியை வெற்றாகவே விட்டிருக்கிறேன். கையெழுத்துப் பக்கத்தின் நகல் கேட்டு நாளை மறுநாள் விண்ணப்பிக்க வேண்டும்.