வயசானால் கோபம் குறையுமா?

"வயசானா எல்லாம் தானா அடங்கிடும்" என்பார்கள். கால் அடங்கிவிடுகிறது, வாய்தான் அடங்க மாட்டேன் என்கிறது. கடலூர் சில்வர் பீச்சில் காலை நடைக்கு வரும் எங்கள் ரிடையர்டு கோஷ்டியைப் பார்த்தாலே தெரியும். பென்ஷன், மருமகள், வாட்ஸ்அப் அரசியல், எதைத் தொட்டாலும் பற்றிக்கொள்ளும்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. எழுபதைத் தாண்டியவர். யாராவது குரலை உயர்த்தினால் செருப்பைக் கழற்றி, மணலை உதறி, நிதானமாக மறுபடி மாட்டிக்கொள்வார். "என்ன சார், காது கேக்கலையா?" என்றால், "கேட்டுச்சு தம்பி, அப்புறம் சொல்றேன்" என்பார். பெரும்பாலும் சொல்வதே இல்லை.

மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். இதற்கு ஞானம் எல்லாம் வேண்டியதில்லை. (பி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சாமி!)

நம் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்கள். கூட்டம் அலைமோதும். ஆனால் அந்தச் சபைக்கு முன்பே, 1867-ல், அவர் தொடங்கியது சோறு போடும் தருமசாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசித்தவனிடம் போய் மன அமைதி பேச முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தியான வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் நண்பர்களே, ஒருநாள் அரிசியோ பருப்போ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான்.