வைஃபையில் யார் யார்?

வைஃபை மெதுவானதும் பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்பட வேண்டாம். முதலில் ரவுட்டருக்குள் போய்ப் பாருங்கள். பிரவுசரில் தட்ட வேண்டிய முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியிலேயே ஒட்டியிருப்பார்கள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் அங்கே இருக்கும். புரியாத பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம், அது நம் டிவியாகவோ பிரிண்டராகவோ இருக்கலாம். வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பாருங்கள் (போன கருவியையும் கொஞ்ச நேரம் காட்டும் ரவுட்டர்கள் உண்டு). நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி தவிர எல்லாம் போன பிறகும் வேறொன்று நின்றால், அதுதான் அழையா விருந்தாளி.

அதன் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) மட்டும் பிளாக் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களே நிஜ முகவரிக்குப் பதில் வேறொன்றைக் காட்டுகின்றன. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள், நீளமாக. வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையேல் டபிள்யூபிஏ2.

டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) கட்டாயம் அணையுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளியே வந்துவிட்டது. அப்புறம், ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், அதையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.