சித்தப்பா போட்ட சந்திரபாபு வேஷம்

எங்க ஊர் பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். எண்பதுகளில் மாதா கோயில் திருவிழா என்றால் சப்பரம் ஊர் சுற்றி வந்து நின்ற பிறகு ராத்திரி ரெக்கார்டு டான்ஸ் கண்டிப்பாக உண்டு. எம்ஜிஆர் வேஷத்துக்கு நாலு பேர் சண்டை போடுவார்கள், சிவாஜிக்கு ரெண்டு பேர். அந்தக் காலத்துக் காமெடி நடிகர் ஜே.பி. சந்திரபாபு வேஷத்துக்கு மட்டும் போட்டியே கிடையாது, எங்க சித்தப்பா ஒருத்தர்தான். காரணம் சிம்பிள், சந்திரபாபு என்றால் விழ வேண்டும். பெஞ்சுகளுக்கு மேல் பலகை போட்டு வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டிய மேடையில், முதுகை வளைக்காமல் வெட்டிய பனைமரம் மாதிரி விழ வேண்டும். யார் வருவார்கள்?

சித்தப்பா ஒரு மாசத்துக்கு முன்பே அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற ஈர மணலில் விழுந்து பழகுவார். முழங்கை ரெண்டும் சிராய்த்துத் தோல் உரிந்திருக்கும், சித்தி திட்டிக்கொண்டே தேங்காயெண்ணெய் தடவுவார்.

ஒரு வருஷம் 'உனக்காக எல்லாம் உனக்காக' பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் இருந்தது, பாட்டுதான் இல்லை. சித்தப்பா ஆட்டத்தை நிறுத்தாமல் சொந்தக் குரலில் எடுத்துவிட்டார். ரெண்டு வரி தாண்டவில்லை, மூச்சு இரைத்து உட்கார்ந்துவிட்டார், கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. மறுநாள் கேட்டதற்கு, "ஆடிக்கிட்டே பாடுறது வல்லத்தக் கரைக்கு இழுத்துக்கிட்டே கதை சொல்ற மாதிரிடா" என்றார்.

சரி, சினிமாவில் சந்திரபாபுவும் அப்படிப் பாடவில்லைதான். முதலில் பாட்டை ஒலிப்பதிவு செய்துவிட்டு அப்புறம் அதைப் போட்டு ஆடுவதுதான் வழக்கம். ஆனாலும் அந்தக் குரலும் அந்த உடம்பும் ஒரே ஆளுடையவை என்பது பார்க்கிறவனுக்குத் தெரிகிறது. தியாகராஜ பாகவதர், சின்னப்பா மாதிரி நடிப்பவரே பாடிய காலம் போய், ஹீரோ வாயசைக்க டி.எம்.எஸ். பாடுகிற காலம் வந்தபோது, தன் பாட்டைத் தானே பாடித் தானே ஆடிய கடைசிச் சிலரில் இவர் ஒருவர். இன்னும் வேடிக்கை, மற்றவர்களுக்கும் குரல் கொடுத்திருக்கிறார். 1954-இல் வந்த 'பெண்' படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குப் பாடினார், அதே வருஷம் 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி'யில் சிவாஜிக்கே பாடினார். காமெடி நடிகர் ஹீரோவுக்குப் பின்னணி பாடுவது எங்கே நடக்கும்?

சந்திரபாபு பிறந்தது 1927-இல், தூத்துக்குடியில். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், அதனால் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது, பையன் படித்ததும் அங்கேதான். அப்புறம் சென்னை. அந்தக் காலத்துப் பாட்டு நடிகர்கள் பெரும்பாலும் நாடக கம்பெனியில் அடிவாங்கித் தேறியவர்கள். இவர் அந்தப் பக்கமே இல்லை. அடிக்குரலிலிருந்து சட்டென்று கள்ளத்தொண்டைக்குத் தாவி இறங்குகிற யோடலிங், மேல்நாட்டு ஆட்டம் எல்லாம் கொழும்பு வாசனை என்பது என் கணிப்பு. சிலோன் ரேடியோவை மெட்ராஸ்காரனைவிடத் தெளிவாகக் கேட்டு வளர்ந்த எங்க கரைக்காரர்களுக்கு அந்த வாசனை சட்டென்று பிடிபடும். எங்க தாத்தா கடைசிவரை அவரை "நம்ம கொழும்புப் பையன்" என்றுதான் சொல்வார், தூத்துக்குடி என்று சொன்னால் கோபம் வரும்.

முதல் படம் 1947-இல் வந்த 'தன அமராவதி'. பெயர் கிடைக்க அதற்குப் பிறகும் பல வருஷம் பிடித்தது. 1958-இல் 'நாடோடி மன்னன்', அதே வருஷம் 'சபாஷ் மீனா'. இரண்டாவதில் அவருக்கு ரெட்டை வேஷம், ஒன்று ரிக்‌ஷாக்காரர். கொழும்பில் படித்த ஆள் மெட்ராஸ் பாஷையை அந்தப் போடு போடுவார். அந்தப் படம் இந்திக்குப் போனபோது இவர் இடத்தில் நடித்தது மெஹ்மூத். 1959-இல் 'சகோதரி'. படம் எடுத்து முடித்தபிறகு தேறாது என்று தோன்றி, ஏவி.எம். இவரைக் கூப்பிட்டுப் பால்காரர் வேஷம் கொடுத்துத் தனி நகைச்சுவைப் பகுதியையே சேர்த்தது. அதில்தான் 'நானொரு முட்டாளுங்க' வருகிறது. இன்றைக்கு அந்தப் படத்தின் கதையைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பாட்டைக் கேட்டால் எங்க ஊர்ச் சின்னப் பசங்களே பாடுவார்கள்.

1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கினார். எம்ஜிஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்று பணமெல்லாம் போனது. 1974 மார்ச்சில் இறந்தபோது 47 வயதுகூட நிறையவில்லை. இதையே விலாவாரியாகச் சோகக் கதையாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை, அந்த ஆள் எப்படி ஆடினார் என்று எழுதுகிறவர்கள்தான் குறைவு.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். முட்டி வலி, கடலுக்குப் போவதை விட்டு நாலு வருஷமாகிறது. பேரன் போனில் சந்திரபாபு பாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விழுகிற இடம் வந்ததும் "நிறுத்து, பின்னால போ" என்றார். மறுபடி அதே இடம், மறுபடியும். நாலாவது தடவை பேரன் வேகத்தைக் குறைத்துவிட்டான்.

"பாத்தியா, உள்ளங்கைய முதல்ல ஊனிட்டுத்தான் விழுறாரு" என்றார். சட்டைக் கையை மடித்துத் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் இத்தனை வருஷமா முழங்கையில விழுந்திருக்கேன்."

உள்ளேயிருந்து சித்தி, "இப்பவாவது தெரிஞ்சிச்சா" என்றார்.